உடையாரும் கங்காணியும்

கேள்வி: பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள், பேராசிரியர் கணபதிப்பிள்ளையின் ‘உடையார் மிடுக்கு’ நாடகம் போடுகிறார்களாம், வாருங்கள் என்கிறாள். யாழ்ப்பாணப் பேச்சில் எழுதியதாமே! மலையகத்தாருக்குச் சிரிப்பு வருமா?
– ஒரு வாசகர், வெலிமடை

பதில்: வரும். தோட்டத்துக் கங்காணியின் மிடுக்கைக் கண்ட லயத்துப் பிள்ளைகளுக்கு, ஊர் அதிகாரியான உடையாரின் மிடுக்கைப் புரிந்துகொள்ள அகராதி எதற்கு?

கணபதிப்பிள்ளை லண்டனில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ந்தது 7, 8ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுத் தமிழை. நாடகத்துக்கு எடுத்ததோ யாழ்ப்பாணத்து வடமராட்சி வீட்டுத் திண்ணையின் தமிழை! மேடையென்றால் செந்தமிழ் முழங்க வேண்டும் என்றிருந்த காலத்தில், கொழும்பில் மாணவர்களை அந்தப் பேச்சிலேயே நடிக்கவைத்தார். ‘உடையார் மிடுக்கு’ உட்பட நான்கு நாடகங்கள் 1940இல் ‘நானாடகம்’ என்று நூலாயின. அந்தத் துணிச்சலுக்காகவே அவரைக் கொண்டாடலாம்.

பேச்சு வேகமாக ஓடும்; முன்வரிசையில் உட்காருங்கள். முடிந்தால் நாடகத்தை முன்பே வாசித்துவிடுங்கள். நூலகம் இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள்.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள்: அடுத்த நாடகம் தோட்டத்துப் பேச்சில் வரட்டும். அதை வெலிமடைக்கும் பதுளைக்கும் கொண்டுவந்து போடட்டும்.