இப்ப வருதா?

டி.வி.யில் படம் ஓடுது, சத்தத்தைத்தான் காணோம் என்று வீட்டுக்குள் முணுமுணுத்தால் போதும். வாசலில் சித்தப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டோம். அவர் மெக்கானிக் இல்லை. உப்பளத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் ஒரு டெஸ்டர் உண்டு. அதை வெளியே எடுத்து நான் பார்த்ததில்லை. சிலர் தங்கப் பேனா குத்திக்கொள்வதில்லையா, அந்த மாதிரி.

தெருவுக்கு ஒருவராக இருக்கும் இந்த ரகத்து ஆட்களின் பூர்வீகம் மொட்டைமாடி. 1982-இல் இலங்கையில் ரூபவாகினி வந்ததும், கடலுக்கு இந்தப் பக்கம் எங்கள் தூத்துக்குடியில் வீட்டுக்கு வீடு ஆன்டெனா கம்பம் ஏறியது. மேலே சித்தப்பா கம்பத்தைத் திருப்புவார். "இப்ப வருதா?" கேள்வி கொல்லைப்புறம் வழியாக ஜன்னலுக்கு வந்து, ஜன்னலிலிருந்து கூடத்துக்கு வரும். "புள்ளி புள்ளியாத் தெரியுது", "ஒவ்வொருத்தரும் ரெண்டு ரெண்டாத் தெரியுதாவ" என்ற பதில் அதே வழியில் மேலே போய்ச் சேர்வதற்குள், படம் வந்து போயே போயிருக்கும். ஆன்டெனா போய்விட்டது. சித்தப்பாவின் கை இன்னும் திருப்பிக்கொண்டிருக்கிறது.

வந்ததும் முதல் கேள்வி, "யாரு இதத் தொட்டது?" யாரும் தொடவில்லை, எந்த வீட்டிலும் யாரும் தொட்டதே இல்லை. அடுத்து ரிமோட். முதுகைத் திறந்து பேட்டரியைக் கட்டைவிரலால் நாலு உருட்டு, உள்ளங்கையில் ரெண்டு தட்டு. பிறகு போன் கேமராவுக்கு முன்னால் அதைப் பிடித்துப் பொத்தானை அமுக்குவார். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் போன் திரையில் ஊதாவாக மினுக்கும். "ரிமோட்டு மேல குத்தமில்ல" என்று தீர்ப்பு. இதை மட்டும் சொல்லியாக வேண்டும்: இந்தச் சோதனை உண்மையிலேயே சரியானது.

அதற்கப்புறம்தான் விபரீதம். கன்னத்தைச் சுவரோடு ஒட்டவைத்து, டி.வி.க்குப் பின்னால் கையை விடுவார். அங்கே எச்.டி.எம்.ஐ. ஓட்டை மூன்று. சவுண்ட்பார் ஒயரை ஏ.ஆர்.சி. என்று எழுதியிருக்கும் ஓட்டையில் சொருகினால்தான் டி.வி.யின் சத்தம் அதற்குப் போகும். சித்தப்பாவுக்கு அந்தப் பேதமெல்லாம் கிடையாது. "மூணும் ஒரே அளவுதானடே!" இன்றும் மூன்றையும் உருவி, கைக்கு வந்த இடத்தில் சொருகினார். திரையில் 'நோ சிக்னல்' நீந்தத் தொடங்கியது. அவர் வருமுன் சத்தம்தான் இல்லை. இப்போது படமும் இல்லை.

"நல்லதாப் போச்சு. ரெண்டும் சேந்து போச்சுன்னா கோளாறு ஒண்ணுதான்."

சித்தி மோரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சதுரத்துக்குள் அம்பு நுழைகிற பொத்தானை ரெண்டு தரம் அமுக்கினாள். படம் வந்துவிட்டது. சித்தப்பா அதைக் கவனிக்காதவர்போல் மோரைக் குடித்தார். சீரியல் மாமியார் வாயசைத்து அழுதுகொண்டிருந்தாள். மூச்சுச் சத்தம்கூட இல்லை.

அப்போதுதான் உள்ளறையிலிருந்து ஒரு பெண் விம்முவது கேட்டது.

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தோம். வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் கூடத்தில்தான் இருந்தார்கள். பேரன் மட்டும் மெதுவாக நழுவப் பார்த்தான். நேற்று ராத்திரி அவன் டி.வி.யோடு சேர்த்துவிட்ட புளூடூத் ஸ்பீக்கர் கட்டிலுக்கடியில், போர்வைக்குள் கிடந்து, ஒரு மணி நேரமாக மாமியாருக்காக அழுதுகொண்டிருந்திருக்கிறது.

சித்தப்பா கொஞ்சமும் அசரவில்லை. "சத்தம் எங்கயும் போயிராது, வீட்டுக்குள்ளதான் கெடக்கும்னு எனக்குத் தெரியும்" என்றபடி உள்ளே போனார். கட்டிலுக்கடியில் தவழும் சத்தம், தலை இடிபடும் சத்தம், ஒரு 'டொய்ங்'. மாமியார் சட்டென்று கூடத்துக்கே வந்து ஒப்பாரி வைத்தாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது: "இப்ப வருதா?"