அளக்க விடமாட்டோம்

1951 நவம்பரில் அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்ட் பக்கம் சேர் ஹியூ பீவர் என்ற கனவான் ஒரு பறவையைச் சுட்டார். வெடி தப்பிவிட்டது. வேறு ஆளாக இருந்தால் துவக்கைக் குறை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். இவர் கின்னஸ் பியர் கொம்பனியை நடத்தியவர். பழியைப் பறவையின் வேகத்தில் போட்டார். ஐரோப்பாவில் ஆகக் கடுகதியில் பறக்கும் வேட்டைப் பறவை அந்தத் தங்க நிற உப்புக்கொத்தியா, இல்லை கிரவுஸ் என்ற காட்டுக்கோழியா என்று அன்றிரவு வாய்ச்சண்டை. இருந்த புத்தகங்களைப் புரட்டியும் விடை கிடைக்கவில்லை. நாடு முழுக்கப் பியர்க் கடைகளில் இரவிரவாக இதேமாதிரிச் சண்டை நடக்குமே, தீர்த்துவைக்க ஒரு புத்தகம் போட்டால் என்ன என்று மனுசனுக்கு ஓடிவிட்டது. நொறிஸ், றோஸ் மக்வேட்டர் என்ற இரட்டையரைப் பிடித்து எழுதவைத்தார். 1955இல் கின்னஸ் புத்தகம் வெளிவந்தது.

அந்த உப்புக்கொத்தியின் ஒன்றுவிட்ட சகோதரங்கள் மாரி தொடங்க எங்கள் தீவுக் கரைகளுக்கும் வருகின்றன. அவை எவ்வளவு வேகமாகப் பறக்கும் என்று இங்கே எவரும் புத்தகம் போட நினைத்ததில்லை. அதற்குச் சோம்பல் காரணமல்ல. பியர்க் கொம்பனிக்காரருக்குச் சண்டை தீரவேண்டியிருந்தது. தீவாருக்குச் சண்டை தீர்ந்துவிட்டால் பின்னேரத்தை என்ன செய்வது? குறிகட்டுவான் துறையில் லோஞ்சுக்குக் காத்திருப்பவர் எதைக் கதைப்பார்? தவறணையில் இரண்டாவது பிளாவுக்கு என்ன நியாயம் சொல்வது?

என் பெரியப்பா நாரந்தனைக்காரர். அவருக்கு உலகம் இரண்டே பகுதி: தீவுப்பகுதி, மிச்சம். மிச்சத்தில் முதல் எதிரி யாழ்ப்பாணக் குடாநாடு. பண்ணைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் எங்களைத் ‘தீவார்’ என்று சொல்லும்போது மூக்கு சற்று மேலே போகும். கலியாணம் பேசி வரும்போது இன்னும் கொஞ்சம் மேலே போகும். இதற்கெல்லாம் பதில் சொல்ல ஏதாவது ஒரு சாதனை கையில் இருந்தால் நல்லதுதான். கஷ்டகாலம், அளந்து, எழுதி, முத்திரை குத்திய சாதனைகள் எல்லாம் குடாநாட்டாரிடமே இருக்கின்றன.

நீச்சலை எடுங்கள். நாலு பக்கமும் கடல் எங்களுக்கு. ஆனால் 1954இல் வல்வெட்டித்துறையில் இறங்கிக் கோடியக்கரையில் கரையேறிப் பாக்கு நீரிணையை முதலில் நீந்திக் காட்டிய நவரத்தினசாமி தொண்டைமானாற்றுக்காரர். 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய், அங்கே ஒரு தேத்தண்ணி குடித்து ஆறாமல், திரும்பியும் நீந்தி வந்து 51 மணித்தியாலத்தில் முடித்த ஆழிக்குமரன் ஆனந்தன் வல்வெட்டித்துறைக்காரர். ஆனந்தன் அதோடு விட்டாரா? படித்தது சட்டம். பிடித்ததோ இடைவிடாமல் எதையாவது செய்வது. 1979இல் கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றி 187 மணித்தியாலத்துக்கு மேல் சைக்கிள் ஓடினார். இன்னொரு முறை 33 மணித்தியாலம் ஒற்றைக்காலில் நின்றார். 128 மணித்தியாலம் ருவிஸ்ற் ஆடினார். கின்னஸ் புத்தகத்தில் ஏழு தரம் அவர் பெயர் ஏறியது.

“கொக்கு ஒற்றைக்காலில நிக்குதே, அதுக்கு ஆர் சேட்டிபிக்கற் குடுத்தது?” என்பது பெரியப்பாவின் விமர்சனம். நீச்சலுக்கு வேறு பதில் வைத்திருக்கிறார். “நீந்தினவை கெட்டிக்காரர்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. நாங்கள் அதைவிடக் கெட்டிக்காரர் எண்டபடியால் வள்ளத்தில போறம்.” 1984 ஓகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்தப் போய் ஆனந்தன் உயிர்விட்ட கதை வரும்போது மட்டும் அவர் பகிடி விடுவதில்லை. வெற்றிலையை மடித்து வாய்க்குள் வைத்துக்கொள்வார்.

வள்ளம் என்று வாய்விட்டதும் பிழையாகிவிடும். ஏனென்றால் வள்ளத்திலும் வல்வெட்டித்துறைதான் முந்திக்கொண்டது. அங்கே கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கித் தன் மனைவியின் பெயரைச் சூட்ட, அந்த ஊர் மாலுமிகள் அதை ஓட்டிக்கொண்டு 1938 ஓகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையில் கொண்டுபோய்க் கட்டினார்கள். உயரம் பாய்தல்? பெரியவிளானில் பிறந்த எதிர்வீரசிங்கம் 1958இல் தோக்கியோவில் 2.03 மீற்றர் பாய்ந்து ஆசிய விளையாட்டில் இலங்கைக்கு முதல் தங்கத்தைக் கொண்டுவந்தார். பாயாமலே உயரமான ஆள் வேண்டுமென்றால் வலைப்பந்தாட்டத்தில் தர்ஜினி சிவலிங்கம், 208 சென்ரிமீற்றர், அவரும் குடாநாடு. “அந்தப் பிள்ளையைக் குறை சொல்லேலாது. அண்ணாந்து பாக்கவே கழுத்து நோகும்” என்று பெரியப்பா அந்தக் கட்சியை அத்துடன் விட்டுக்கொடுத்துவிட்டார்.

சரி, எங்களிடம் என்னதான் இருக்கிறது?

முதல் சர்வதேசக் கௌரவம் ஒல்லாந்தர் தந்தது. வீட்டு ஞாபகம் தாங்காமலோ என்னவோ, தீவுக்கு ஒரு நகரமாகத் தங்கள் ஊர்ப் பெயர்களைப் பகிர்ந்து கொடுத்தார்கள். வேலணைத் தீவு லெய்டன், புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், இப்போது காரைநகர் என்கிற காரைதீவு அம்ஸ்ரடாம், எழுவைதீவு ஹோர்ண். இதில் அனலைதீவுக்குக் கிடைத்தது றொட்டர்டாம். இன்றைக்கு ஐரோப்பாவின் ஆகப்பெரிய துறைமுகம் றொட்டர்டாம். அனலைதீவு இறங்குதுறையில் ஒரே நேரத்தில் ஒரு மோட்டார் சைக்கிளும் இரண்டு ஆடும் இறங்கினால் நெரிசல். மற்றப் பெயர்கள் எல்லாம் ஒல்லாந்தரோடு கப்பலேறிவிட, நெடுந்தீவு மட்டும் டெல்ஃப்ட் என்பதை இன்றுவரை பிடித்துவைத்திருக்கிறது. அந்த டெல்ஃப்ட் நீலப் பீங்கானுக்குப் பேர்போனது. இந்த டெல்ஃப்ட்டில் பீங்கான் உடைந்தால் புதுசு வாங்க ஒரு மணித்தியாலம் கடலில் ஆடி ஆடிப் போகவேண்டும்.

நயினாதீவார் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஹார்லெம் யாருக்கு வேண்டும்? அறுபத்துநாலு சக்திபீடங்களில் ஒன்று தங்களுடைய நாகபூசணி அம்மன் கோயில் என்பார்கள். புத்தர் வந்துபோன நாகதீபமும் அதே மண்தான் என்று தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வருகிறவர்கள் சொல்வார்கள். மணிமேகலையில் வரும் மணிபல்லவமும் தாங்களே என்று வாத்தியார்மார் சொல்வார்கள். ஒரு சிறு தீவுக்கு இத்தனை விருது! இவற்றில் எனக்குப் பிடித்தது, பெரிதாக யாரும் பேசாத ஒரு கல்வெட்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு தமிழில் வெட்டுவித்தது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு, அதாவது எங்கள் ஊர்காவற்றுறைக்கு, வந்து தங்கவேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கவேண்டும். யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் கெட்டால் நாலில் ஒரு பங்கு அரசனுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வெறும் வாணிபச் சரக்கென்றால் பாதிக்குப் பாதி.

இன்றைய காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சின்ன எழுத்து இல்லை, விதிவிலக்கு இல்லை, கொழும்புத் தலைமையகத்துக்கு மூன்று பிரதி அனுப்பச் சொல்லவில்லை. என் ஸ்கூட்டர் ஒருமுறை உப்புத்தண்ணிக்குள் விழுந்தபோது காப்புறுதிக்காரர் கேட்ட கடிதங்களை நினைத்தால், பராக்கிரமபாகுவிடமே போய் முக்கால் பங்கை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம் போலிருக்கிறது. கெடாமல் வந்த கப்பலுக்கு என்ன கொடுத்தார்கள் என்று பெரியப்பா கேட்டார். கெட்ட கப்பலுக்கே சட்டம் போடும் அளவுக்கு இந்தக் கரையில் கப்பல்கள் கெட்டிருக்கின்றன என்பதை அவர் ஒரு சாதனையாகவே எடுத்துக்கொண்டார்.

ஆளை வைத்துச் சொல்வதென்றால் எங்களுக்குத் தனிநாயகம் அடிகள் போதும். 1913இல் பிறந்தது கரம்பொன், நாரந்தனையிலிருந்து எட்டிப் பார்க்கிற தூரம். 1679இல் அச்சான தமிழ்–போர்த்துக்கேய அகராதியை, உலகமே மறந்துபோயிருந்த ஒன்றை, 1954இல் வத்திக்கான் நூலகத்தில் கண்டுபிடித்தார். பெரியப்பா வீட்டில் மூக்குக்கண்ணாடியைக் கண்டுபிடிக்கவே குடும்பம் முழுக்க இறங்கவேண்டும். 1964இல் டெல்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்துக்கு அத்திவாரம் போட்டு, 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாட்டை நடத்தியும் காட்டினார். இன்றைக்கு எந்த நாட்டில் உலகத் தமிழ் மாநாடு நடந்து மேடையில் பொன்னாடை பறந்தாலும் அதன் அடிவேர் தீவுப்பகுதியில் நிற்கிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. தீவில் பிறந்தவர் கடை வைத்தால் ‘தீவாரின் கடை’. கலியாணம் பேசினால் ‘தீவார் பகுதி’. உலகப் புகழ் பெற்றுவிட்டாலோ அவர் ‘எங்கட யாழ்ப்பாணத்தார்’. பாலம் தாண்ட ஒரு கௌரவம் போதும்.

அளவுக்கு அடங்காத சாதனைகளுக்கு நெடுந்தீவுக்குத்தான் போகவேண்டும். குறிகட்டுவானில் ஏறும்போது மூத்தவர்கள் வாயில் இன்னமும் குமுதினி என்ற பெயர் வரும். 1985 மே 15இல் அந்தப் படகில் வெட்டிக் கொல்லப்பட்டவர்களின் உறவினர் பக்கத்து இருக்கையில் இருக்கக்கூடும். அந்தப் பெயரை நான் பகிடிக்குள் இழுப்பதில்லை.

நானும் பெரியப்பாவும் நெடுந்தீவுக்குப் போனபோது ரொறன்ரோவிலிருந்து வந்த என் சித்தப்பாவின் மகனும் எங்களோடு வந்தான். அங்கே பிறந்து வளர்ந்த பெடியன், கண்ணால் கண்டதை எல்லாம் கூகிளில் சரிபார்ப்பவன். முதலில் வளரும் கல்லுக்குப் போனோம். பவளப்பாறைக் கல், ஆள் மாதிரி நிமிர்ந்து நிற்கிறது, பூவும் பொட்டும் வைத்துக் கும்பிடுகிறார்கள்.

“வருசத்துக்கு எவ்வளவு வளருது?” என்று கேட்டான்.

பக்கத்தில் நின்ற நெடுந்தீவுக் கிழவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். “அளந்தால் வளராது தம்பி.”

மறுபேச்சுக்கு இடமில்லை. அடுத்தது கல்லில் பதிந்த மாமனிதப் பாதம். அனுமன் என்பாரும் உண்டு, ஆதாம் என்பாரும் உண்டு. உலகத்தில் ஆகப்பெரிய கால் அமெரிக்கர் றொபர்ட் வாட்லோவுக்கு இருந்தது, 47 சென்ரிமீற்றர் என்று பெடியன் ஃபோனைப் பார்த்துச் சொன்னான். “அது சின்னப்பிள்ளையின்ர சப்பாத்து” என்றுவிட்டார் கிழவர். குதிரைகளைப் பார்த்தோம். போர்த்துக்கேயர் கொண்டுவந்து, ஒல்லாந்தர் பெருக்கி, ஆட்சி கைமாறியபோது ஏற்றிப்போக மறந்துவிட்ட அரச சேவையாளர் பரம்பரை, ஓய்வூதியம் இல்லை. கோடையில் தண்ணி இல்லாமல் செத்தும் போகின்றன. அந்தக் கணக்கை எடுக்க யாரும் கின்னஸிலிருந்து வருவதில்லை.

கடைசியாகப் பெருக்குமரம். ஆபிரிக்க மரம், அராபிய வணிகர் கொண்டுவந்தது என்பார்கள். அடிமரம் பொந்து விழுந்து, ஆள் உள்ளே போய் நிற்கலாம். உள்ளே குளிர்ச்சி, சுவரெல்லாம் காதலர் பெயர்கள், சில இடங்களில் ஒரே பெடியனின் பெயர் வேறுவேறு பெண்களோடு. பெடியன் தாயாரின் தையல் மெசின் லாச்சியிலிருந்து கொண்டுவந்த அளவுநாடாவை எடுத்தான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. மன்னார் பள்ளிமுனையில் இதே சாதி மரம் ஒன்று 19 மீற்றருக்கு மேல் சுற்றளவோடு நிற்பது எனக்குத் தெரியும். அளந்தால் தோல்வி நிச்சயம்.

நாடா மரத்தின் ஒரு மூலைக்கே காணவில்லை. பெரியப்பா ஒரு முனையை விரலால் அமத்த, பெடியன் அடுத்த துண்டை அளக்க, விரல் வழுக்க, திரும்பவும் முதலிலிருந்து. வேரைச் சேர்ப்பதா விடுவதா என்று கிழவருக்கும் பெரியப்பாவுக்கும் தர்க்கம். முண்டு முடிச்சுக்குள் நாடாவை அழுத்திப் பிடிக்கவேண்டும் என்று கிழவர். அழுத்தினால் மரம் நியாயமாகக் கிடைக்கவேண்டிய பருமனை இழந்துவிடும் என்று பெரியப்பா. ஆளுக்கொரு சுற்றளவு கிடைத்தது. எல்லாவற்றிலும் மன்னார்தான் பெரிது.

“உது கோடை அளவு” என்றார் கிழவர், கொஞ்சமும் அசையாமல். “மாரியில தண்ணி குடிச்சு மரம் கொழுக்கும். அப்ப வந்து அள.”

பெடியன் ஃபோனைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆடிப்போனான். கிழவர் சொன்னது சரி. பெருக்குமரம் மழையில் கொஞ்சம் பருத்து, கோடையில் கொஞ்சம் மெலியுமாம். மன்னாரிலும் மழை பெய்யும் என்பதை நான் சொல்லவில்லை. அதைவிட, மன்னார் மரத்துக்குள் ஆள் போகமுடியுமா என்று பெரியப்பா புதுக்கேள்வி ஒன்றைக் கிளப்பிவிட்டார். லோஞ்சு புறப்பட்டுக் கரை மறையும்வரை அந்த வழக்கு ஓடியது.

ஆனாலும் பெடியனுக்கு மனம் ஆறவில்லை. அளந்து நிரூபிக்கக்கூடிய ஒரு சாதனையாவது தீவுப்பகுதிக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் விமானமேறுவேன் என்று நின்றான். அடுத்த நாள் ஊர்காவற்றுறைத் துறையில் ‘பாதை’க்குக் காத்துநின்றபோது அவனுக்கு வெளித்தது. காரைநகர் கண்ணெதிரே தெரிகிறது. அங்கே கோழி கூவினால் இங்கே கேட்கும். இடையில் இந்த மிதவைதான் போய்வருகிறது. ஸ்கொட்லாந்தின் ஓக்னித் தீவுகளில் வெஸ்ற்றேயிலிருந்து பாப்பா வெஸ்ற்றேக்குப் பறக்கும் விமானம் 2.7 கிலோமீற்றர்தான், இரண்டு நிமிடம்கூட இல்லை, உலகத்திலேயே குறுகிய விமானசேவை என்று கின்னஸில் இருக்கிறதாம். எங்கள் பாதைக்கும் ஒரு பிரிவு கேட்டால் என்ன? தூரத்தில் வெல்லாவிட்டாலும், பயணநேரத்தைக் காத்திருந்த நேரத்தால் பிரித்துப் பார்த்தால் எங்களை உலகத்தில் எவரும் நெருங்கமுடியாது. பாதை அந்தக் கரையில் நிற்க, விண்ணப்பத்தை அவன் ஃபோனிலேயே நிரப்பத் தொடங்கினான். ‘சாதனை நடைபெறும் இடம்’ என்ற பெட்டியில் ஊர்காவற்றுறை–காரைநகர் என்று அடித்ததைப் பெரியப்பா எட்டிப் பார்த்தார்.

“காரைநகரை ஏன் போடுறாய்?”

“பாதை அங்கதானே போகுது, பெரியப்பா.”

“போகட்டும். பேரை வெட்டு.”

வெட்டினால் விண்ணப்பம் செல்லாது என்று அவன் விளக்கினான். சாதனையில் சரிபாதி காரைநகராருக்குப் போகும் என்றால் விண்ணப்பமே வேண்டாம் என்றார் பெரியப்பா. பாதை வந்தது, ஆட்களை இறக்கியது, ஏற்றியது, திரும்பவும் புறப்பட்டுவிட்டது. நாங்கள் மூன்று பேரும் கரையில்தான் நின்றோம், கதை முடியவில்லை.