ரேட்டு மாமா

தென்னேரி ஏரிக்கரையில் விலை தெரியாத பொருள் என்று எதுவும் கிடையாது. இருக்க ரேட்டு மாமா விடமாட்டார். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. காலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால், எதிரே போகிற எருமையைப் பார்த்து "அறுபது போவும்" என்பார். எருமைக்காரர் விற்கப் போவதில்லை. மாமா வாங்கப் போவதும் இல்லை. ஆனாலும் அறுபது என்று காதில் விழுந்த பிறகு, எருமைக்காரர் கயிற்றை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் போவார்.

மாமா தன் வாழ்நாளில் பெரிதாக எதையும் வாங்கி விற்றதில்லை. அவருடைய திறமைக்கு அதுதான் அஸ்திவாரம். விற்றுப் பார்த்தவனுக்கு விலை தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் வாயைத் திறக்க முடியாது. டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு, 786 என்று முடிகிற நூறு ரூபாய், பழைய டிவிப் பெட்டிக்குள் இருப்பதாகச் சொல்லப்பட்ட சிவப்புப் பாதரசம், அரிசியை இழுக்கும் கோயில் கலசம் எல்லாவற்றுக்கும் அவர் ரேட் சொல்லியிருக்கிறார். மண்ணுளிப் பாம்புக்கு அவர் சொன்ன விலையைக் கேட்டு இரண்டு பேர் ராத்திரியில் டார்ச்சோடு வரப்பில் அலைந்தார்கள். பாம்பு அகப்படாததால் வனத்துறையிடம் அவர்களும் அகப்படவில்லை. 2022-இல் பரந்தூரில் விமான நிலையம் வரப்போகிறது என்று அறிவித்தார்கள். ஏகனாபுரத்து மக்கள் நிலம் போய்விடுமே என்று வீதியில் உட்கார்ந்திருக்க, மாமா பெஞ்சில் உட்கார்ந்தபடி சுற்றுவட்டாரத்துச் சென்ட்டுக்கெல்லாம் வாராவாரம் ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் பெயரில் ஒரு சென்ட் கிடையாது.

இப்படிப்பட்டவரிடம்தான் அந்தக் கத்தி வந்து சேர்ந்தது.

ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி கட்டுகிற ஒரு குடும்பம். வீட்டுத் தாத்தா மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்து, ஜப்பான்காரன் காலத்தையும் அங்கேயே கழித்துவிட்டுக் கப்பலேறி ஊர் திரும்பியவர். வரும்போது கொண்டுவந்த கத்தியில்தான் மூன்று தலைமுறையாக அந்த வீட்டில் தேங்காய் மட்டை உரித்தார்கள். முழத்துக்குக் கொஞ்சம் குறைவான அலகு, பிடிக்கு மேலே கொக்கி மாதிரி வளைந்த ஒரு இரும்பு. பெரிய பேரன் அதைப் பழைய இரும்பில் போட எடுத்துப் போனவன், டீக்கடையில் நின்றது தப்பு.

"இன்னா மாமா, கிலோ முப்பதுக்குக் கேக்கறான். போட்டுடட்டா?"

"போடு. போட்டுட்டுத் தலைல கைய வெச்சுக்கினு உக்காரு. ஜப்பான்காரன் சாமான்பா இது! மூணு எல் கண்ண மூடிக்கினு குடுப்பான்."

"யாரு மாமா?"

"கெடைப்பான்."

மாமாவின் வியாபார உலகத்தில் எல்லாவற்றையும் வாங்குகிறவர் இந்தக் கெடைப்பான்தான். சில நாள் சவுகார்பேட்டையில் இருப்பார், சில நாள் துபாயில். அவரை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

டீ வந்தது. மாமா கணக்கில் எல் என்றால் லட்சம். மூணு எல் ஐந்தாகியது. கத்தியின் அடியில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட நான்கு வட்டங்களை மாமா கண்டுபிடித்து, "ராஜ முத்திரை" என்றார், எட்டாகியது. தாத்தா நேதாஜியைப் பார்த்திருப்பாரா என்று விசாரித்தார். நேதாஜி 1943-இல் சிங்கப்பூர் வந்தார், தாத்தா அப்போது மலேயாவில் இருந்தார், இவ்வளவுதான் பேரனுக்குத் தெரியும். "அப்போ பாத்துதான் இருப்பாரு" என்று மாமா முடித்தார். பன்னிரண்டு.

நிஜ விவரத்தையும் சொல்லிவிடுகிறேன். அது 1897-இல் ஜப்பான் ராணுவம் ஏற்றுக்கொண்ட 30-ஆம் ரக பயோனெட். துப்பாக்கி முனையில் மாட்டுகிற குத்துக்கத்தி. லட்சக்கணக்கில் செய்து தள்ளியது. அமெரிக்கச் சிப்பாய்கள் மூட்டைகட்டி வீட்டுக்குக் கொண்டுபோனதால் அந்த ஊரில் நிறையவே கிடைக்கிறது. நல்ல நிலையில், உறையோடு இருந்தால் நூறு டாலர் அக்கம்பக்கம் போகும். மூன்று தலைமுறை மட்டை உரித்ததற்கு அதிலும் கழிவு உண்டு. அந்த நான்கு வட்டம் பீரங்கிக் குண்டுகளை அடுக்கிவைத்த மாதிரியான ஆயுதசாலை முத்திரை. டோக்கியோவிலும் பிறகு கோகுராவிலும் போட்டது. 1945 ஆகஸ்ட் 9-ஆம் தேதி இரண்டாவது அணுகுண்டு விழவேண்டிய இடம் அந்தக் கோகுரா ஆயுதசாலைதான். மேலே மூட்டம் போட்டிருந்ததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. நல்லவேளை, மாமாவுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே கோடியைத் தொட்டிருப்பார்.

ஆனால் மாமாவின் மேதைமை கத்தியோடு நிற்கவில்லை. கத்தியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "மாட்டற கத்தியே பன்னண்டுன்னா, துப்பாக்கி எங்கடா?"

அன்று மத்தியானத்துக்குள் இல்லாத அந்தத் துப்பாக்கி தென்னேரி முழுக்கத் தெரிந்துவிட்டது. செல்போன் வைத்திருந்த பையன் ஒருவன் தேடிப் பார்த்து, "அரிசாகா துப்பாக்கி மாமா. இந்தக் கத்தி 38-லயும் மாட்டுமாம், 99-லயும் மாட்டுமாம்" என்றான். "அப்போ 99-னே வெச்சுக்க. நம்பர் பெருசு, ரேட்டும் பெருசு" என்றார் மாமா. உண்மையில் 38 என்பது மெய்ஜி சக்கரவர்த்தி ஆண்ட 38-ஆம் வருஷம், அதாவது 1905. 99 என்பது ஜப்பானியக் கணக்கில் 2599-ஆம் ஆண்டின் கடைசி இரண்டு எண், நமக்கு 1939. வயதில் மூத்தது 38-தான். ஆனால் பெஞ்சில் யார் மறுத்துப் பேசுவது?

துப்பாக்கியை நிஜமாகவே மதிப்பிடுகிறவர்கள் முதலில் பார்ப்பது ஒரு பூவை. குழல் பின்பக்கம் சேருகிற இடத்தின் மேல் பதினாறு இதழ்ச் சாமந்தி செதுக்கியிருக்கும். அரச குடும்பத்துச் சின்னம். தோற்றபின் ஒப்படைத்த துப்பாக்கிகளில் அதை அராவி அழித்துவிட்டார்கள். பூ அழியாமல் இருந்தால் விலை கூடும். அடுத்து, பாகங்களில் உள்ள எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார்கள். பிறகு தூசு மூடி. நடக்கும்போது சடசடக்கிறது என்று சிப்பாய்கள் பலர் கழற்றி வீசிய தகரம் அது. இன்றைக்கு அது இருந்தால் தனி மரியாதை. போர் முடிகிற காலத்தில் இரும்புக்குத் தட்டுப்பாடு வந்து, கட்டையின் அடியில் மரத்தகடு அடித்து அனுப்பிய துப்பாக்கிகளும் உண்டு. இத்தனையும் பார்த்தபின் சாதாரண அரிசாகாவுக்கு அமெரிக்காவில் சில நூறு டாலர் கொடுப்பார்கள், எல்லாம் கச்சிதமாக இருந்தால் ஆயிரத்துச் சொச்சம். மாமா சாமந்தியைத் தாமரை என்றார், பதினாறு இதழை அறுபத்துநாலாக்கினார், நாற்பது எல் போட்டார். துப்பாக்கி இல்லாததால் எதையும் சரிபார்க்க வேண்டிய தொல்லையும் இல்லை.

தொல்லை குடும்பத்துக்குத்தான். ஒரகடத்தில் கம்பெனி வேலை பார்க்கும் தம்பி அன்று ராத்திரியே பைக்கில் வந்து இறங்கினான். "அண்ணே, துப்பாக்கிய எங்க வெச்சிருக்க?" அண்ணன் இல்லை என்றார். எல்லா அண்ணன்களும் அப்படித்தானே சொல்வார்கள் என்றான் தம்பி. வாலாஜாபாத்தில் வாழ்க்கைப்பட்ட அக்கா போனிலேயே, "பொண்ணுக்கும் சொத்துல பங்குன்னு 89-லயே கலைஞர் சட்டம் போட்டாச்சு, ஞாபகம் இருக்கட்டும்" என்றார். அஸ்திவாரத்துக்கு மூன்றடி தோண்டச் சொன்ன மேஸ்திரி, இவர்கள் தாங்களாகவே ஆறடி தோண்டுவதைப் பார்த்து சந்தோஷப்பட்டார்.

ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் ஊரில் உண்டு. அவர் குழியை எட்டிப் பார்த்து, "கெடைச்சா இன்னா செய்வீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வெளிநாட்டில், சுடுகிற துப்பாக்கிக்குத்தான் நல்ல விலை. நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவைப் படித்தால், பழங்காலத் துப்பாக்கி ரிப்பேர் செய்தாலும் சுடாது என்கிற நிலையில் இருந்தால்தான் லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் வைக்கலாம். சுடுமென்றால் ஜெயில். ஆக, சரக்கு எவ்வளவுக்கெவ்வளவு உயர்த்தியோ அவ்வளவுக்கவ்வளவு ஸ்டேஷன் பக்கம்.

ஹவில்தார் இதைச் சொன்னதும் தம்பி மண்வெட்டியைக் கீழே வைத்தான். "அப்பா சொத்து எல்லாம் அண்ணனுக்கே இருக்கட்டும்" என்றான். அக்கா மறுபடி போன் செய்யவில்லை. மாமா மட்டும் அசரவில்லை. "ரூல்ஸ் இருக்கறதாலதான் ரேட்டே ஏறுது. அம்பது வெச்சுக்க" என்றார். இப்போது அந்த வீட்டுக்கு மேல்தளம் போட்டாகிவிட்டது. கத்தி கொல்லையில் பழையபடி மட்டை உரிக்கிறது. உரிக்கிறவர்கள் அதைக் கொஞ்சம் மரியாதையாகக் கழுவி வைக்கிறார்கள்.

உங்கள் வீட்டுப் பரணிலும் தாத்தா காலத்துத் துப்பாக்கி ஏதாவது அகப்பட்டால், விலை விசாரிக்கக் கிளம்பாமல் முதலில் போலீஸ் ஸ்டேஷனில் தகவல் சொல்லிவிடுங்கள். ரேட்டு மாமாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்திருக்கும்.