எம்பிஏ மகாத்மியம்

தலபுராணங்களில் பலசுருதி கடைசியில்தான் வரும். படித்தவருக்குப் பிள்ளைப்பேறு, பக்கத்தில் நின்று கேட்டவருக்குப் பொருள், ஏட்டைச் சும்மா வீட்டில் வைத்திருந்தவருக்குக்கூடப் பேய் பிசாசு அண்டாது. எம்பிஏ விற்பவர்களுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. பலசுருதியை முதல் வரியிலேயே அச்சடித்துவிடுகிறார்கள். பதவி உயரும், சம்பளம் உயரும், நெட்வொர்க் விரியும், பெண் வீட்டார் எழுந்து நிற்பார்கள். வகுப்பு சனி, ஞாயிறு மட்டும். பரீட்சைக்குப் பயமென்றால் அசைன்மென்ட் போதும். "இன்டேக் இந்த மாசத்தோட முடியுதுண்ணே. இன்னிக்கே ரெஜிஸ்டர் பண்ணா லேப்டாப் பேக் ஃப்ரீ!"

இந்தப் புராணம் யார் காதில் ஓதப்படுகிறது என்று பாருங்கள். கிள்ளான் துறைமுகத்துக் கிடங்கில் பதினைந்து வருடமாகச் சூப்பர்வைசராக இருப்பவர் காதில். எந்தக் கண்டெய்னர் எந்த லோரியில் ஏறும், சுங்கப் பாரத்தில் எந்தக் கட்டம் காலியாக இருந்தால் சரக்கு நிற்கும், தீபாவளிக்கு முந்தின வாரம் எத்தனை டிரைவர்கள் எம்சி எடுப்பார்கள், எல்லாம் அவருக்கு மனப்பாடம். மேனேஜர் நாற்காலி காலியாகிறது. நேற்று வந்த ஒரு பையன் அதில் உட்காருகிறான். அவனுக்கு வேலை சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு மட்டும் நம்மவருக்கு. ஏன் என்று கேட்டால் எச்ஆர் அம்மணி உருக்கமாகச் சொல்கிறார்: "உங்களுக்கு எம்பிஏ இல்லையே!" அடுத்த வாரம் மனிதர் கம்யூட்டர் ரயிலேறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடிப்படி ஏறுகிறார்.

மேலே போனால் ஆச்சரியம் காத்திருக்கிறது. டிகிரி இல்லையென்றாலும் சேரலாம். வயது 30 தாண்டியிருக்க வேண்டும். எஸ்டிபிஎம்மோ டிப்ளோமாவோ, அதோடு துறை அனுபவமும் இருந்தால் 'ஏபெல்' என்ற திட்டத்தில் அந்த அனுபவத்தையே மதிப்பிட்டு முதுகலைக்குள் விடுவார்கள். திட்டம் நல்ல திட்டம். ஆனால் கூத்தைக் கவனியுங்கள். இவருடைய அனுபவம் டிகிரிக்குச் சமம் என்று மலேசியத் தகுதி முகவாண்மை ஒப்புக்கொள்கிறது. அதே அனுபவம் மேனேஜர் பதவிக்குச் சமம் என்று கம்பெனி ஒப்புக்கொள்ளாது. இரண்டுக்கும் நடுவே ஒரு டோல் சாவடி. கூட்டரசு நெடுஞ்சாலையில் பத்து தீகா, சுங்கை ராசாவ் டோல்களை 2018 ஜனவரி 1-இல் எடுத்துவிட்டார்கள். கிள்ளான்காரர் இன்றைக்குக் கே.எல்லுக்குச் சும்மா போய்வரலாம். சம்பள உயர்வுக்குப் போகிற சாலையில்தான் டோல் எடுபடவில்லை.

அந்த டோல் எவ்வளவு? சாதாரணத் தனியார் எம்பிஏவுக்கே 20,000 வெள்ளி அளவில் ஆகும். குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, ஆண்டுக்கு 20,400. அதாவது ஒரு தொழிலாளி பன்னிரண்டு மாதம் பச்சைத்தண்ணீர் குடித்து உழைத்தால் ஓர் எம்பிஏ வாங்கலாம். கையில் காசில்லையா? இருக்கவே இருக்கிறது ஊழியர் சேமநிதி. செஜாத்ரா கணக்கிலிருந்து படிப்புக்கு எடுக்கலாம். கிழவனானபின் கஞ்சிக்கு வைத்த காசு இப்போதே கான்வொகேஷன் அங்கியாகிவிடுகிறது. படத்தை ஹாலில் மாட்டலாம். பசிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

தாளை நம்பிக் காசைக் கொட்டுவது நமக்குப் புதிதல்ல. 1982-இல் மஇகா கட்சி தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸ் முதலீட்டு நிறுவனத்தை நம்பிச் சுமார் 66,000 பேர் 10 கோடியே 60 லட்சம் வெள்ளியைப் போட்டார்கள். தாலிக்கொடியை அடகு வைத்துப் பங்குத் தாள் வாங்கிய தோட்டத்துப் பெண்கள் அதில் உண்டு. 28 ஆண்டு கழித்து, 2010-இல், ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 காசு என்று கணக்கை முடித்துவைத்தார்கள். நிர்வாகவியலை உண்மையிலேயே கற்பிக்க விரும்பும் பேராசிரியர் யாராவது இதைப் பாடமாக நடத்தட்டும், நானும் கட்டணம் கட்டி முதல் பெஞ்சில் உட்காருகிறேன்.

"ஆனந்த கிருஷ்ணன் மட்டும் எப்படிண்ணே மேல வந்தாரு?" என்று மாடியிலிருக்கும் சேர்க்கை ஆலோசகர் கடைசி அஸ்திரத்தை எடுப்பார். உண்மைதான். 1938-இல் இதே பிரிக்பீல்ட்ஸில் பிறந்தவர், விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் படித்தவர், 1964-இல் ஹார்வர்டில் எம்பிஏ வாங்கியவர். மேக்சிஸ், ஆஸ்ட்ரோ என்று சாம்ராஜ்யம் கட்டி, 2024 நவம்பரில் காலமானார். ஆனால் அவர் உயர்ந்தது எண்ணெய் வணிகத்தில் ஆரம்பித்து. அப்போதைய பிரதமர் மகாதீரின் நம்பிக்கைக்குரியவராக இருந்து. பழைய குதிரைப் பந்தயத் திடல் கேஎல்சிசியாக மாறிய காலத்தில் அந்தத் திட்டத்தின் உள்ளேயே இருந்து. அந்தப் பாடமெல்லாம் எந்தப் புரோஷரில் இருக்கிறது? வார இறுதி வகுப்பில் மகாதீரை யார் அறிமுகப்படுத்துவார்கள்? ஹார்வர்டே அண்மையில் தள்ளாடியது: 2024-இல் அங்கே எம்பிஏ முடித்து வேலை தேடியவர்களில் 23 விழுக்காட்டினர் மூன்று மாதம் ஆகியும் தேடிக்கொண்டிருந்தார்கள். பிரிக்பீல்ட்ஸ் மாடியில் மட்டும் நூறு விழுக்காடு உத்தரவாதம்.

வேலை தருகிறவர் தாளைப் பார்ப்பதற்கு முன்னால் எதைப் பார்க்கிறார்? லீ ஹ்வோக் ஆன், முஹம்மது அப்துல் காலித் இருவரும் செய்து 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒப்பிடத்தக்க தகுதியுள்ள கற்பனை விண்ணப்பங்களைத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். சீனப் பெயர் இருந்தவற்றில் 22 விழுக்காட்டுக்கு அழைப்பு வந்தது. மலாய்ப் பெயருக்கு 4 விழுக்காடு. நம் பெயருக்கு எவ்வளவு என்று கேட்காதீர்கள். சோதித்தது அந்த இரண்டு பெயர்களைத்தான். நாம் பாரபட்சக் கணக்கிலும் விடுபட்டவர்கள். பெயரைப் பார்த்ததும் மூடுகிற கதவுக்குப் பெயருக்குப் பின்னால் மூன்றெழுத்தை ஒட்டுவதுதான் வைத்தியமாம்!

கீழே இருப்பவரிடம்தான் இத்தனை கெடுபிடி. மேலே தாளின் யோக்கியதை வேறு. 2019-இல் துணை வெளியுறவு அமைச்சராக இருந்த மர்சுக்கி யஹ்யாவிடம் கேம்பிரிட்ஜ் பட்டம் பற்றிக் கேள்வி வந்தது. அது இங்கிலாந்துக் கேம்பிரிட்ஜ் இல்லை, அமெரிக்காவிலுள்ள 'கேம்பிரிட்ஜ் இன்டர்நேஷனல் யுனிவர்சிட்டி'யில் தொலைக்கல்வியாகப் படித்தது என்று விளக்கம் தந்தார். விளக்கியபின்னும் அமைச்சர் அமைச்சராகவே இருந்தார். நம் சூப்பர்வைசர் இப்படி ஒரு விளக்கம் கொடுத்திருந்தால் கார்டு வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டிருப்பார்.

வணிகப் பள்ளி கட்டுவதிலும் உயர்ந்த மரபு நமக்கு உண்டு. 2015-இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, எம்ஐடி ஸ்லோனோடு சேர்ந்து ஏசியா ஸ்கூல் ஆஃப் பிசினஸைத் தொடங்கியது. 2018 ஜனவரியில் அந்தப் பள்ளியும் நிதிக் கல்வி மையமும் அமைக்க என்று அரசாங்கத்திடமிருந்து சுமார் 56 ஏக்கர் நிலத்தை 200 கோடி வெள்ளிக்கும் மேல் கொடுத்து வாங்கியது. அந்தப் பணம் அரசு முதலீட்டு நிறுவனமான 1எம்டிபியின் கடனை அடைக்கப் போனது என்று ஆட்சி மாறியபின் மே மாதம் புதிய நிதியமைச்சர் சொன்னார். எல்லாம் விதிப்படி, நியாயமான விலைக்கு என்றது பேங்க் நெகாரா. ஜூனில் அதன் கவர்னர் பதவி விலகினார். நிர்வாகம், நெறிமுறை, நிதி மேலாண்மை மூன்று பாடத்துக்கும் ஒரே உதாரணம். நாடே கட்டணம் கட்டியிருக்கிறது.

அப்படியானால் எம்பிஏவால் பயனே இல்லையா? இருக்கிறது. பொருளியலாளர் டாரன் அசெமொக்லுவும் சகாக்களும் 2022-இல் அமெரிக்காவிலும் டென்மார்க்கிலும் கணக்குப் பார்த்தார்கள். வணிக நிர்வாகம் படித்தவர் தலைமைக்கு வந்த ஐந்தாண்டுக்குள் தொழிலாளர் ஊதியம் அமெரிக்காவில் 6 விழுக்காடு, டென்மார்க்கில் 3 விழுக்காடு இறங்கியது. விற்பனை கூடவில்லை, உற்பத்தித் திறன் கூடவில்லை, முதலீடும் கூடவில்லை. லாபத்தில் தொழிலாளிக்குப் போன பங்கைத் திருப்பி எடுக்கிற வித்தையைத்தான் அவர்கள் கற்று வந்திருந்தார்கள்.

அந்த வித்தை நமக்கும் பழக்கம்தான். 1997-இலிருந்து அரசு மருத்துவமனைகளின் துப்புரவு தனியார் குத்தகையில் இருக்கிறது. குத்தகைக்காரர் மாறும்போதெல்லாம் இருபது வருடம் தரை துடைத்த அக்கா மறுபடி 'புது ஆள்' ஆகிவிடுகிறார். சர்வீஸ் பூஜ்யம், சம்பளம் அடிமட்டம். இதற்குப் பெயர் 'காஸ்ட் ஆப்டிமைசேஷன்'. அந்த அக்கா வயிற்றைக் கட்டி மகனை எம்பிஏ படிக்கவைக்கிறார். மகன் பாஸ் செய்து வேலைக்குப் போனால், முதல் நாள் அவன் மேசைக்கு வருகிற கோப்பு எது தெரியுமா? அம்மாவின் குத்தகை.

படிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. கம்பெனி செலவில் போகிறவர் போகட்டும். அப்பாவின் கடையைக் கையில் வாங்கிக்கொண்டு பேலன்ஸ் ஷீட் புரியாமல் முழிக்கிறவர் படிக்கட்டும். இன்ஜினியர் வேலையை விட்டு நிதித்துறைக்குத் தாவுகிறவருக்கும் ஏணி வேண்டும்தான். மற்றவர்கள், 'எம்பிஏ இல்லையே' என்று சொன்ன அதே எச்ஆர் அறைக்குத் திரும்பிப் போங்கள். "முடித்தால் என்ன பதவி, எவ்வளவு சம்பளம், எந்தத் தேதியிலிருந்து? கம்பெனி லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். எழுதிக் கொடுத்தால் கடன் பட்டாவது படியுங்கள். சிரித்து மழுப்பினால், குறை உங்கள் படிப்பில் இல்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டாயிற்று. சேமநிதியில் கை வைக்காதீர்கள். தொழிற்சங்கத்துக்குச் சந்தா கட்டுங்கள், மாதத்துக்குச் சில வெள்ளிதான். அங்கே சான்றிதழ் கேட்க மாட்டார்கள். நீங்கள் சேர்ந்த செய்தி காதில் விழுந்த அன்றுதான் எச்ஆர் அம்மணி உங்கள் பெயரை முதல்முறையாகச் சரியாக உச்சரிப்பார்.