தோற்ற சீட்டின் கொடை

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிக் காவலாளி அண்ணை நாள் தவறாமல் காலி வீதியில் லொத்தர் சீட்டு எடுப்பார். ஒருநாளும் விழுந்ததில்லை. தான் ஒரு கல்விக் கொடையாளர் என்பது அவருக்குத் தெரியாது. 1981இல் அமைச்சர் லலித் அத்துலத்முதலி பல்கலைக்கழக மாணவர்களுக்காகத் தொடக்கிய மகாபொல உதவித்தொகை நிதியத்துக்கு லொத்தர் பணமும் போனது. வசதியில்லாத பிள்ளை பல்கலைக்கழகம் போக, அதைவிட வசதியில்லாதவர் சீட்டில் தோற்க வேண்டும். சமத்துவத்துக்கு இதைவிட மலிவான வழி கிடையாது. பல வருடமாக மாதம் 5000 ரூபாவிலேயே நின்ற உதவித்தொகை, 2022இல் பாண் விலை பறந்தபோதும் அசையவில்லை. 2025 வரவு செலவுத் திட்டத்தில்தான் 7500 ஆனது.

மற்றக் கொடையாளர்கள் வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வருவார்கள். ஓகஸ்ட் மாதம் மண்டபம் எடுத்து, கதவளவு காசோலை பிடித்து, ரோல்ஸ் கொடுத்து, மூன்று மணிநேரம் பேசுவார்கள். பிள்ளைக்கு வேலை அதிகமில்லை: கிராம சேவகர் கடிதம், வருமானச் சான்று, இரண்டு பேரின் சிபாரிசு, ஆங்கிலத்தில் ஒரு நன்றிக் கடிதம். பிறகு மேடையில் நின்று சிரிக்க வேண்டும். அதிகம் சிரித்தாலும் வில்லங்கம். வறுமை படத்தில் விழாது. (மண்டப வாடகையில் இன்னும் எத்தனை பிள்ளைகள் படிக்கலாம் என்று கேட்டவரை அடுத்த வருடம் அழைக்கவில்லை.)

காவலாளி அண்ணையிடம் லொத்தர் கதையைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப அந்தப் பிள்ளையளிட்டச் சொல்லுங்கோ தம்பி, எனக்கும் ஒரு கடிதம் போடச் சொல்லி. தமிழில எண்டாலும் பரவாயில்லை."