பால்கோவா யாருக்கு?

கேள்வி: 2024-ல் சொந்த மண்ணில் நியூசிலாந்திடம் 0-3 என்று தோற்றதுதான் இந்திய டெஸ்ட் அணியின் படுமோசமான காலம் என்கிறேன் நான். இல்லை என்கிறான் ஸ்ரீவில்லிபுத்தூர் நண்பன். ஒரு கிலோ பால்கோவா பந்தயம். தீர்ப்பு சொல்லுங்கள்.
- ஒரு வாசகர், ராஜபாளையம்

பதில்: பால்கோவாவை நண்பருக்கே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். கடையும் அவர் ஊரில்தான், பஸ் செலவு மட்டும் உங்களுடையது.

1958-59-ல் வெஸ்ட் இண்டீஸ் இங்கே வந்தது. ஐந்து டெஸ்ட்டுக்கு நமக்கு நான்கு கேப்டன்கள்: உம்ரிகர், குலாம் அகமது, வினு மன்கட், அதிகாரி. சென்னை டெஸ்ட் தொடங்கும் தறுவாயில், அணித் தேர்வுத் தகராறில் உம்ரிகர் ராஜினாமா செய்ய, மன்கட்டைப் பிடித்து உட்கார வைத்தார்கள். வெஸ்லி ஹாலின் பந்தைவிட வேகமாகப் பறந்தது கேப்டன் நாற்காலிதான்! தொடர் 0-3. கையோடு 1959-ல் இங்கிலாந்து போனார்கள், அங்கே 0-5. ஐந்தில் ஒன்றைக்கூட டிரா செய்ய முடியவில்லை. அந்த ஊர் மழைகூடக் கைகொடுக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டு டிசம்பரில் கான்பூரில் ஜசு படேல் ஒரே இன்னிங்ஸில் 9 விக்கெட் எடுக்க, ஆஸ்திரேலியாவை முதன்முறையாக வீழ்த்தினோம்.

நியூசிலாந்துக்காரர்கள் நம்மைப் பார்த்து ரொம்பச் சிரிக்க வேண்டாம். 1955-ல் ஆக்லாந்தில் அவர்கள் சுருண்டது 26 ரன்னில். 1930-ல் டெஸ்ட் ஆட ஆரம்பித்தவர்கள் முதல் வெற்றியைக் கண்ணில் பார்க்க எடுத்துக்கொண்டதும் 26 வருடம். ரன்னுக்கு ஒரு வருடம்!