சக்கரத்தின் மேல் ஒரு சமையற்கட்டு

வீட்டையே வாகனமாக்கி மலையும் கடலும் அழைத்த திசையெல்லாம் ஓட்டிச் செல்லும் மேனாட்டு வழக்கத்தை, 2021-இல் கேரள அரசு ‘கேரவன் கேரளா’ என்னும் திட்டமாகப் பிரகடனம் செய்தபோது, ஸ்ரீவில்லிபுத்தூர்வாசிகள் ஆச்சரியப்பட நியாயமில்லை. வடதேச யாத்திரை மோகம் இவ்வூருக்குப் புராதனமானது. பெரியாழ்வார் இமயத்துத் தேவப்பிரயாகையைப் பாடினார். அவர் திருமகளோ நாச்சியார் திருமொழியில், தன்னை மதுரா முதல் கடலோரத் துவாரகை வரையில் கொண்டுபோய்ச் சேர்க்கும்படி உற்றாரிடம் விண்ணப்பித்தாள். பிரயாணத் திட்டத்தை இத்தனை விஸ்தாரமாக வகுத்த அப்பெருமாட்டி, வண்டி வாடகையைப் பற்றி மட்டும் ஒன்றும் அருளவில்லை.

அந்தக் குறையை நிவர்த்தி செய்யவே பிற்காலத்தில் யாத்திரை பஸ் அவதரித்தது. சமையற்காரர், காஸ் அடுப்பு, அரிசி மூட்டை, மாவடு ஜாடி ஆகியவற்றை முதலில் ஏற்றி, மிஞ்சிய இடத்தில் பக்தர்களையும் ஏற்றிக்கொள்ளும் அவ்வாகனம், துவாரகைக் கடற்கரையிலும் பத்ரிநாத் மலைச்சாலையிலும் ஒரேவிதமாக ரசம் மணக்க நிற்கும். சுமார் 3,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 90 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேக மறுக்கும். அதைக் குக்கரில் அடைத்து வழிக்குக் கொண்டுவருவதே யாத்திரையின் பிரதான தவம். நீலகண்ட சிகரம் பனிமுடி தரித்துத் தரிசனம் தர, அதற்கு முதுகைக் காட்டி அமர்ந்து, சாம்பார் இரண்டாம் முறை வருமா என்று விசாரிக்கும் யாத்ரிகரின் வைராக்கியம் ரிஷிகளுக்கும் எளிதில் சித்திக்காதது.

இயற்கை எழில்தான் லட்சியமென்றால், ஊருக்கு மேற்கே செண்பகத்தோப்பும், சாம்பல் நிற அணில்களுக்காக 1988-இல் ஏற்பட்ட சரணாலயமும் இருக்கின்றனவே என்பீர்கள். உண்மைதான், ஆனால் மத்தியான்னச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடக்கூடிய தூரத்திலுள்ள மலையை, மலையென்று மதிப்பார் யார்?